ஸ்டென்ட் வச்சதுக்கு அப்புறம் கொடுத்த டயட் சார்ட்ட அப்படியே ஃபாலோ பண்ணணுமா?

நீங்க கேட்டிருக்கறத சுருக்கமா எடுத்துக்கிட்டா இதுதான்: அப்பாவுக்கு 61 வயசு, மதுரை பக்கம், போன மாசம் ஹார்ட் அட்டாக் வந்து ஒரு ஸ்டென்ட் வச்சிருக்காங்க, டிஸ்சார்ஜ் அன்னைக்கு கைல கொடுத்த டயட் சார்ட்ல ஓட்ஸ், ஆலிவ் ஆயில், சால்மன், ப்ராக்கோலி, வால்நட்னு இருக்கு, அம்மா அதுல பாதி பேரக் கேள்விப்பட்டதே இல்ல, அப்பா ஓட்ஸ் கஞ்சியப் பாத்தாலே முகத்த திருப்பிக்கறாரு, இதையேதான் சாப்பிடணுமா இல்ல நம்ம சாப்பாட்டுலயே சமாளிக்கலாமா. ஆனா கடைசில போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க, "இத கரெக்டா ஃபாலோ பண்ணா மாத்திரைய கொஞ்சம் குறைச்சுக்கலாமா"ன்னு. எனக்கென்னமோ அதுதான் நிஜமான கேள்வின்னு தோணுது, அதனால அங்கருந்தே ஆரம்பிக்கறேன்.

நான் டயட்டிஷியன், பல வருஷமா ஹார்ட் பேஷண்ட்ஸ்கூடதான் வேலை. டாக்டர் இல்ல, மாத்திரை விஷயத்துல கை வைக்கற அதிகாரம் எனக்குக் கிடையாது. அப்பாவோட கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்), பொட்டாசியம், சுகர், எக்கோ (ஹார்ட் ஸ்கேன்) எதையும் நான் பாக்கல, அதனால கீழ சொல்றதெல்லாம் கிட்னி ஓரளவு நல்லா இருக்கு, ஹார்ட் பம்ப்பிங் ரொம்ப குறையலன்னு வச்சுக்கிட்டு சொல்றது. அப்படி இல்லன்னா எது மாறும்னு பின்னாடி சொல்றேன்.

மாத்திரை விஷயத்துல சந்தேகமே வேண்டாம், குறைக்கக் கூடாது. ஸ்டென்ட் வச்ச புதுசுல க்ளோபிடோக்ரெல், டிக்காக்ரெலார் மாதிரி ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கற மாத்திரைய நாமளா நிறுத்தினா ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் கட்டிக்கும், அது மறுபடி ஒரு அட்டாக், உயிருக்கே ஆபத்து. பொதுவா அட்டாக்குக்கு அப்புறம் ஒரு வருஷம் வரைக்கும் கொடுப்பாங்க, யாருக்கு எவ்வளவு நாள்ங்கறது டாக்டர் முடிவு. கொலஸ்ட்ரால குறைக்கக் கொடுக்கற ஸ்டேட்டின் மாத்திரை விஷயத்துல ஒரு கணக்கு சொல்றேன், சாப்பாடு எவ்வளவு தூரம் போகும்னு புரியும். நல்ல டோஸ் ஸ்டேட்டின் கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்லை ஏறக்குறைய பாதியாக்கும். சாப்பாட்டுல நல்லாவே கட்டுப்பாடா இருந்தா நிஜ வாழ்க்கைல நூத்துக்கு பத்து, பதினஞ்சு குறையும், அவ்வளவுதான். அட்டாக்குக்கு முன்னாடி அப்பாவுக்கு 140 இருந்துதுன்னு வைங்க, சாப்பாட்ட மட்டும் மாத்தினா 120 பக்கம் வரும், மாத்திரையால 70 பக்கம் வரும், அட்டாக் வந்தவங்களுக்கு இப்ப டாக்டர்கள் கேக்கறதோ 70க்கு கீழ, முடிஞ்சா 55க்கும் கீழ. அப்போ ரெண்டும் சேர்ந்துதான் வேலை செய்யணும்.

அப்போ எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டு சாப்பாட்ட மாத்தணும்னு அப்பா கேப்பாரு, நிறைய பேர் கேக்கறாங்க. எல்டிஎல் மட்டும்தான் ஹார்ட்டுன்னு இல்லையே, பிபி இருக்கு, ட்ரைகிளிசரைடுங்கற இன்னொரு ரத்தக் கொழுப்பு இருக்கு, சுகர் இருக்கு, தொப்பை இருக்கு, இதுல எல்லாம் சாப்பாட்டோட பங்கு பெருசு. ஸ்டென்ட் வச்சது ஒரு இடத்து அடைப்புக்கு, மத்த ரத்தக்குழாயெல்லாம் அப்பாவுக்கு அதே பழைய ரத்தக்குழாய்தான்.

இப்ப உங்க சார்ட்டுக்கு வரேன். இந்த மாதிரி சார்ட்டெல்லாம் பெரும்பாலும் ரெண்டு இடத்துலருந்து வந்தது. ஒண்ணு அமெரிக்காவுல பிபிக்காக பண்ண டேஷ் டயட், 1997ல வந்த ரிசல்ட், 459 பேருக்கு எட்டு வாரம் சாப்பாட்ட ஆய்வு பண்ணவங்களே சமைச்சுக் கொடுத்து பாத்தாங்க, காய், பழம், கொழுப்பு குறைச்ச பால் தயிர், முழு தானியம் அதிகம், கொழுப்பான கறியும் இனிப்பும் கம்மி. ஏற்கனவே பிபி இருந்தவங்களுக்கு மேல் அளவு சராசரியா 11 பாயிண்ட் குறைஞ்சுது, அதுவும் உப்ப குறைக்காமலே. 2001ல உப்பையும் சேர்த்து குறைச்சு பாத்தப்ப இன்னும் குறைஞ்சுது. இன்னொண்ணு மெடிட்டரேனியன் டயட், ஸ்பெயின், கிரீஸ், இத்தாலி பக்கத்து சாப்பாடு, உங்க சார்ட்ல ஆலிவ் ஆயிலும் வால்நட்டும் வந்தது அங்கருந்துதான். ஸ்பெயின்ல ஏழாயிரத்து சொச்சம் பேர வச்சு பண்ண பெரிய ஆய்வு 2013ல வந்துச்சு, அப்புறம் ஆட்கள குரூப்பா பிரிச்சதுல குளறுபடின்னு 2018ல அந்தப் பேப்பர வாபஸ் வாங்கி திருத்தி மறுபடி போட்டாங்க, முடிவு பெருசா மாறல, ஆனா முன்ன மாதிரி அடிச்சு சொல்ல முடியாம போச்சு. அதோட அதுல இருந்தவங்களுக்கு ஹார்ட் நோய் வரல, வர வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். உங்க அப்பா மாதிரி ஏற்கனவே நோய் வந்தவங்கள வச்சு, அதே ஸ்பெயின்ல கோர்டோபாங்கற ஊர்ல 1002 பேர ஏழு வருஷம் பாத்தாங்க, 2022ல வந்துச்சு, வெறும் கொழுப்பு குறைச்ச டயட்ட விட மெடிட்டரேனியன் டயட்ல மறுபடி அட்டாக், ஸ்ட்ரோக் மாதிரி பிரச்சனைகள் குறைவு, முக்கியமா ஆம்பளைங்களுக்கு. பொம்பளைங்க அதுல கம்மி, அதனால அவங்க விஷயத்துல தெளிவா சொல்ல முடியல.

இதுல கவனிக்க வேண்டியது, ஜெயிச்சது எதுவும் ஒரு தனிப் பொருள் இல்ல. சார்ட்ல இருக்கற ஒவ்வொரு பேருக்குப் பின்னாடியும் ஒரு வேலை இருக்கு, அந்த வேலைய நம்ம கடைவீதில எது செய்யும்னு பாத்தா போதும். சால்மன் எதுக்கு? ஒமேகா 3ங்கற நல்ல கொழுப்புக்கு. மத்தி, சில ஊர்ல சாளைம்பாங்க, அயிலைன்னும் கானாங்கெளுத்தின்னும் சொல்றது, இதெல்லாம் அதே வேலைய கால்வாசி காசுல செய்யும், வாரத்துக்கு ரெண்டு தடவ குழம்பா வைங்க, பொரிச்சா அந்தப் பிரயோஜனம் குறைஞ்சுடும். ப்ராக்கோலிய மறந்துடுங்க, முருங்கைக்கீரை, அவரை, வெண்டை, கொத்தவரை, புடலை, சுரை இருக்கற ஊர்ல அதுக்கு என்ன அவசியம். வால்நட்டுக்கு பதிலா உப்பு போடாத வேர்க்கடலை ஒரு கைப்பிடி. ஓட்ஸுக்கு மட்டும் ஒரு நியாயம் இருக்கு, அதுல பீட்டா குளுக்கான்னு ஒரு நார்ச்சத்து, தினம் 3 கிராம் போனா எல்டிஎல் கொஞ்சம் குறையும்ங்கறது நல்லா நிரூபணமானது, ஆனா அந்த 3 கிராமுக்கு 75 கிராம் ஓட்ஸ் தினமும் வேணும், பிடிக்காத மனுஷனுக்கு அது தண்டனை. பார்லில அதே சத்து இருக்கு, கஞ்சியா இல்லாம உப்புமாவா, பொங்கலா பண்ணிப் பாருங்க. கேழ்வரகுலயும் சாமைலயும் நார்ச்சத்து இருக்கு, ஆனா இந்த பீட்டா குளுக்கான் அந்த அளவுக்கு இல்ல, அத ஓட்ஸுக்கு நிகர்னு சொல்ல மாட்டேன். பாக்கெட்ல வர மசாலா ஓட்ஸ் வேண்டவே வேண்டாம், அதுல இருக்கற உப்பு ஓட்ஸோட நன்மைய தின்னுடும்.

உப்புன்னதும் ஞாபகம் வருது, உங்க சார்ட்ல "லோ சால்ட்"னு ஒரே ஒரு வரிதான் இருக்குன்னு எழுதியிருந்தீங்க. என்னக் கேட்டா சார்ட்ல பாதி இடம் அதுக்குத்தான் போயிருக்கணும். உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு கீழ, அதாவது தலை தட்டின ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. உங்க வீட்டுல எவ்வளவு போகுதுன்னு கண்டுபிடிக்க எந்த ஆப்பும் வேண்டாம், உப்பு பாக்கெட் பிரிச்ச தேதிய அதுமேலயே எழுதி வைங்க. நாலு பேர் வீட்டுல ஒரு கிலோ ஒரு மாசத்துல தீர்ந்தா ஆளுக்கு தினம் 8 கிராமுக்கு மேல போகுது, 5 கிராம் கணக்குன்னா மாசத்துக்கு 600 கிராம்தான் ஆகணும். மீன் கழுவ, எலுமிச்சங்கா ஊறப்போட எடுத்தத கழிச்சுக்கோங்க. இதுல ஊறுகாய், அப்பளம், வத்தல், மோர் மிளகாய், கருவாடு, கடை மிக்சர், பிஸ்கட், ஹோட்டல் சாம்பார் எதுவும் சேரல, அதெல்லாம் மேல்வரும்படி. அப்பளத்துல உப்பு மட்டும் இல்ல, போடற அப்பளக்காரமும் சோடியம்தான். நெஞ்சு கரிக்குதுன்னு தண்ணில கரைச்சு பொங்க பொங்க குடிக்கற பவுடரும் சோடியம்தான், அட்டாக் வந்த வீட்டுல "கேஸா இருக்கும்"னு அத கலக்கிக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது ரெண்டு வகைல தப்பு, சோடியமும் ஏறும், நிஜமாவே அட்டாக்கா இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போற நேரமும் போயிடும்.

குறைக்கறது எப்படின்னா, ஒரே நாள்ல உப்பில்லாம சமைச்சா அப்பா ரெண்டாவது நாளே பக்கத்து மெஸ்ஸுக்கு போயிடுவாரு. முதல்ல சாதத்துக்கும் சப்பாத்தி மாவுக்கும் மோருக்கும் போடற உப்ப நிறுத்துங்க, அது போனது நாக்குக்கு அவ்வளவா தெரியாது. அப்புறம் சாப்பாட்டு மேஜைலருந்து உப்பு ஜாடியையும் ஊறுகாய் பாட்டிலையும் தூக்கிடுங்க. அதுக்கப்புறம் குழம்பு, பொரியல்ல கொஞ்சம் கொஞ்சமா. புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கருவேப்பிலை, கொத்தமல்லி இதெல்லாம் தாராளமா ஏறினா உப்பு இறங்கினது உறைக்காது. சில வாரத்துல நாக்கு பழகிடும், பழகினதுக்கு அப்புறம் வெளி சாப்பாடு அவங்களுக்கே உப்புக்கரிக்குதுன்னு சொல்வாங்க, இது நான் திரும்பத் திரும்பப் பாத்தது. இந்துப்பு போட்டா எவ்வளவு வேணா போடலாம்னு ஒரு நம்பிக்கை ஓடுது, அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், அதுல பல சமயம் அயோடின் வேற இருக்காது.

கடைல "லோ சோடியம்"னு வர உப்பு வேற கதை. அதுல ஒரு பங்கு சோடியத்துக்கு பதிலா பொட்டாசியம் போட்டிருப்பாங்க. சீனாவுல 600 கிராமத்துல கிட்டத்தட்ட 21 ஆயிரம் பேர வச்சு பாத்து 2021ல சொன்னாங்க, அந்த உப்புக்கு மாறினவங்களுக்கு ஸ்ட்ரோக் நூத்துக்கு 14 வீதம் குறைஞ்சுது. நல்ல விஷயம்தான். ஆனா ஹார்ட் பேஷண்ட் பாதிப் பேர் ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் ஏதாவது ஒண்ணு போட்டுக்கிட்டிருப்பாங்க, இதெல்லாம் உடம்புல பொட்டாசியத்த ஏத்தற மாத்திரை, கூடவே கிட்னியும் வீக்கா இருந்தா பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடம் மாறலாம். அதனால ரிப்போர்ட்ட டாக்டர்கிட்ட காட்டாம அந்த உப்ப வாங்காதீங்க. தினம் ரெண்டு இளநீர் குடிக்கச் சொல்ற சொந்தக்காரங்களுக்கும் இதே பதில்தான்.

அடுத்தது சாதம், இதத்தான் நம்ம ஆளுங்க காதுலயே வாங்க மாட்டேங்கறாங்க. எண்ணெய்ய நிறுத்திட்டேன், முட்டைய நிறுத்திட்டேன், அப்புறமும் ட்ரைகிளிசரைடு 280 காட்டுதேன்னு வருவாங்க, என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டா காலைல அஞ்சு இட்லி, மதியம் ரசம் சாதம் மோர் சாதம்னு மூணு ரவுண்டு, சாயங்காலம் நாலு பிஸ்கட்டோட டீ, ராத்திரி தோசை. இதுல எண்ணெய் எங்க இருக்கு, எல்லாம் மாவுச்சத்து. நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ட்ரைகிளிசரைடு அதிகம், நல்ல கொலஸ்ட்ரால் கம்மிங்கறது ரொம்ப சகஜம், அதுக்கு தீட்டின அரிசி, மைதா, சர்க்கரை ஒரு முக்கிய காரணம், குடி இருந்தா அதுவும். அரிசிய நிறுத்தச் சொல்லல. தட்டுல முதல்ல காய வைங்க, பாதித் தட்டு, அப்புறம் பருப்போ சுண்டலோ மீனோ முட்டையோ கால் தட்டு, மிச்சம் இருக்கற கால்ல சாதம். இப்ப நம்ம வீடுகள்ல இது தலைகீழா இருக்கு, முக்கால் தட்டு சாதம், ஓரத்துல ஒரு ஸ்பூன் பொரியல். சிறுதானியத்துக்கு மாறினா நல்லது, ஆனா சாமைல பொங்கி அதே முக்கால் தட்டு சாப்பிட்டா ஒண்ணும் மாறாது. ஒரு எச்சரிக்கை, அப்பா சுகருக்கு கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்தா சாதத்த திடீர்னு பாதியாக்காதீங்க, லோ சுகர் ஆயிடும், சுகர் டாக்டர்கிட்ட சொல்லிட்டு பண்ணுங்க.

எண்ணெய் விஷயத்துல நம்ம ஜனங்க எந்த எண்ணெய்னு சண்டை போடற அளவுக்கு எவ்வளவுன்னு கேக்கறதில்ல. ஆளுக்கு மாசம் அரை லிட்டர், நாலு பேருக்கு ரெண்டு லிட்டர், அதுக்குள்ள இருந்தா கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி, தவிட்டு எண்ணெய் எதுவா இருந்தாலும் பரவாயில்ல, மாத்தி மாத்தி வாங்கலாம். மரச்செக்குல ஆட்டினா மணம் நல்லா இருக்கும், கொழுப்போட வகையும் கலோரியும் மாறாது, செக்கெண்ணெய்னா எவ்வளவு வேணா ஊத்தலாம்ங்கறது விக்கறவங்க பேச்சு. ஆலிவ் ஆயில் வாங்க வசதி இருந்தா வாங்குங்க, இல்லன்னா கவலைப்படாதீங்க. நேர்மையா சொல்லணும்னா, அட்டாக் குறையுமான்னு பெரிய ஆய்வு நடந்தது ஆலிவ் ஆயில்லதான், நல்லெண்ணெய்லயோ கடலை எண்ணெய்லயோ அந்த மாதிரி நடக்கல, கொழுப்போட வகையப் பாத்துதான் அதெல்லாம் சரின்னு சொல்றோம். தேங்காய் எண்ணெய்ல 80 சதவீதத்துக்கு மேல சாச்சுரேட்டட் கொழுப்பு, மத்த தாவர எண்ணெய்களோட ஒப்பிட்டா எல்டிஎல்ல ஏத்துதுங்கறது பல ஆய்வ சேர்த்துப் பாத்ததுல தெளிவு. அதேசமயம் கேரளாவுல ஹார்ட் பேஷண்ட் 200 பேர ரெண்டு வருஷம் பாத்ததுல தேங்காய் எண்ணெய்க்கும் சூரியகாந்திக்கும் பெரிய வித்தியாசம் வரல, அவங்க ஸ்டேட்டினும் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க, 200 பேர்ங்கறதும் சின்னக் கூட்டம். அதனால தினசரி சமையலுக்கு வேண்டாம், அவியலுக்கு மேல ஒரு ஸ்பூன் விட்டா யாரும் கேஸ் போட மாட்டாங்க. தேங்காய்ச் சட்னி வாரத்துல ரெண்டு நாள், மத்த நாள் தக்காளி, புதினா, கொத்தமல்லி.

அதவிட முக்கியம் வெளில திரும்பத் திரும்ப காய்ச்சின எண்ணெய்ல போட்ட வடை, பஜ்ஜி, அப்புறம் பேக்கரி பஃப்ஸ், வர்க்கி. 2022லருந்து எண்ணெய், வனஸ்பதில ஹார்ட்டுக்கு ரொம்பக் கெடுதலான ட்ரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு இந்தியாவுல சட்டம் இருக்கு, நல்லதுதான், ஆனா டீக்கடைச் சட்டில எத்தனாவது நாள் எண்ணெய் கொதிக்குதுன்னு நமக்கு எப்படித் தெரியும்.

முட்டை, பால், நெய், இதுல எல்லாம் அறிஞர்களுக்குள்ளயே இன்னும் ஒத்த கருத்து இல்ல. தினம் ஒரு முழு முட்டை பெரும்பாலானவங்களுக்கு பிரச்சனை இல்லங்கற பக்கம்தான் நான் இருக்கேன், சுகர் இருக்கறவங்களுக்கு வாரம் மூணு நாலுன்னு சொல்வேன், அது பயத்துல சொல்ற கணக்கு. நெய் ஒரு டீஸ்பூன் பருப்பு சாதத்துக்கு ஓகே, நெய் ரத்தக்குழாய சுத்தம் பண்ணும்னு சொன்னா நம்பாதீங்க. மட்டன் மாசத்துக்கு ரெண்டு தடவ, கொழுப்ப நீக்கி, குடலும் மூளையும் வேண்டாம். ஆஸ்பத்திரிலருந்து வந்தவருக்கு தெம்பு வரணும்னு தினம் ஆட்டுக்கால் சூப் வைக்கற அத்தைய அன்பா தடுத்து நிறுத்துங்க.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் சீடர் வினிகர், தேன் கலந்து காய்ச்சி குடிச்சா அடைப்பு கரையும்னு வாட்ஸப்ல வந்துச்சு, கொடுக்கலாமான்னு கேட்டீங்க. அடைப்பு கரையும்ங்கறதுக்கு ஆதாரம் கிடையாது. பூண்டு சமையல்ல நல்லா சேருங்க, பிபிக்கும் கொலஸ்ட்ராலுக்கும் லேசா உதவலாம்னு சில ஆய்வு சொல்லுது. ஆனா ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் போடற ஆளுக்கு வெறும் வயித்துல வினிகரும் பூண்டுச் சாறும் ஊத்தினா வயிறு புண்ணாகும், பூண்டு மருந்து அளவுக்குப் போனா ரத்தக் கசிவுக்கும் வாய்ப்பு கூடும். மருதம்பட்டையும் கேக்கறாங்க, அதுல நடந்ததெல்லாம் சின்னச் சின்ன ஆய்வு, அத வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது, குடிக்கறதா இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

முன்னாடி சொன்ன விதிவிலக்கு. கிட்னி வீக்குன்னா காய், பழம், பருப்பு எல்லாத்துக்கும் கணக்கு மாறும், நான் மேல சொன்னதுல பாதி பொருந்தாது. வால்வு ஆபரேஷனுக்கோ துடிப்பு கோளாறுக்கோ ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின், அசிட்ரோம்னு வேற வகை மாத்திரை போடறவங்க கீரைய நிறுத்த வேண்டாம், வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடணும், ஒரு வாரம் தினம் கீரை, அடுத்த வாரம் இல்லவே இல்லன்னா ரத்தப் பரிசோதனை ஆட்டம் காணும். ஹார்ட் பம்ப்பிங் குறைஞ்சு கால் வீங்கறவங்களுக்கு தண்ணி அளவும் டாக்டர் சொல்வாரு, உப்ப குறைக்கணும்தான், ஆனா ரொம்பக் கடுமையா குறைச்சா கூடுதல் பலன் இருக்கான்னு 2022ல வந்த ஆய்வு உறுதி பண்ணல. பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் சில ஸ்டேட்டினோட ஒத்துக்காது, அத மட்டும் தவிர்த்துக்கோங்க, மத்த பழம் ஓகே.

அம்மாவப் பத்தி ரெண்டு வார்த்தை. அப்பாவுக்கு தனிச்சமையல், மத்தவங்களுக்கு தனிச்சமையல்னு ஓடினா மூணாவது மாசம் அம்மா படுத்துடுவாங்க, சார்ட்டும் அதோட சரி. எல்லாருக்கும் ஒரே சட்டி வைங்க, உப்பு தேவைப்படற மத்தவங்க சமையலறைலயே தட்டுல போட்டுக்கட்டும். இன்னொண்ணு, பயத்துல சாப்பாட்ட ரொம்ப குறைக்கறாங்க, கஞ்சியும் ரஸ்க்குமா ஒரு மாசம் ஓட்டி ஆறு கிலோ இளைச்சு நடக்க முடியாம வராங்க. அப்பா ஏற்கனவே ஒல்லின்னா எடை குறையக் கூடாது, சுண்டல், மீன், முட்டை, தயிர் கட்டாயம் போகணும். புகையிலைப் பழக்கம் எந்த ரூபத்துல இருந்தாலும், இந்த சார்ட்ட எடுத்து ஓரமா வச்சுட்டு முதல்ல அத நிறுத்தற வழியப் பாருங்க, பலன் அதுல ஜாஸ்தி.

அடுத்த செக்கப்புக்குப் போறப்ப மூணு நாள் அப்பா நிஜமா சாப்பிட்டத, பஸ் ஸ்டாண்ட் போண்டா உட்பட, ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. லிப்பிட் ப்ரொஃபைல் (கொலஸ்ட்ரால் டெஸ்ட்), கிரியாட்டினின், பொட்டாசியம், ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) எடுக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, லிப்பிட் பொதுவா ஸ்டேட்டின் ஆரம்பிச்சு ஒண்ணுலருந்து மூணு மாசத்துக்குள்ள பாப்பாங்க. அங்க டயட்டிஷியன் இருந்தா அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, சமைக்கறவங்க உக்காந்து கேட்டாத்தான் வேலை நடக்கும், நீங்க போய் கேட்டுட்டு வந்து சொன்னா அம்மா தலையாட்டிட்டு பழைய கைப்பக்குவத்துலயே போடுவாங்க.